தறியும் துறைமுகமும்

(நமது சங்கத்தின் ஆண்டு மகாநாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தேசங்களுக்கிடையே நடைபெறும் தடையிலா வாணிகம் தொழிலாளரின் பிழைப்பையும் வாழ்க்கைத் தரத்தையும் எங்ஙனம் மாற்றுகின்றது என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு சங்க நிர்வாகிகள் நம்மைப் பணித்தனர். பொருளாதார சாஸ்திரம் கற்றோர்க்குரிய இவ்விஷயத்துக்கு நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட நம் மகாநாட்டில் என்ன இடம் என்று சிலர் வினவலாம். தடையிலா வாணிகம் என்னும் சொல் உலகில் எழுந்த நாள் முதல், அதன் நன்மையையும் தீமையையும் முதற்கண் அனுபவித்தவர் துணி நெய்வோரே யாவர். துணி இலேசானது, கெடாதது, எந்நாட்டாருக்கும் வேண்டுவது. ஆகவே அது எளிதில் கப்பலேறியது. அதனோடு நெய்வோரின் தலைவிதியும் கப்பலேறியது. இவ்விஷயம் பிறருடையதன்று, நம்முடையதே.

நம்மவருள் இதுபற்றி இரண்டு அபிப்பிராயங்கள் உள்ளன. அந்நிய வாணிகமே நம்மைக் கெடுத்தது, துறைமுகத்தை அடைத்தால் தறி பிழைக்கும் என்பர் முதியோர் சிலர். அந்நிய வாணிகமே நமக்குச் சோறிடுகின்றது, திருப்பூர் இல்லையேல் நம் பிள்ளைகளின் கதி என்ன என்பர் இளைஞர். இருசாராரும் கண்டதையே கூறுகின்றனர். ஆயினும் ஒவ்வொரு சாராரும் பாதியையே கண்டனர். முழுவதையும் நோக்கி, சங்கம் செய்யத்தக்கது யாது என்று ஆராய்வதே நமது நோக்கம்.

முதலில் தடையிலா வாணிகத்தின் தத்துவத்தைச் சுருங்கக் காண்போம். டேவிட் ரிக்கார்டோ என்னும் ஆங்கில அறிஞர் 1817ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை நாட்டினார். அதனை நம் தெருவில் வைத்துப் பார்க்கலாம். அடுத்தடுத்த வீட்டார் இருவர். ஒருவர் நெய்வதிலும் வல்லவர், சாயம் தோய்ப்பதிலும் வல்லவர். மற்றவர் இரண்டிலும் அவருக்குக் குறைந்தவரே; எனினும் நெசவில் மிகவும் குறைந்தவர், சாயத்தில் சிறிதே குறைந்தவர். அப்போது வல்லவர் நெசவையே செய்து, சாயத்தை அண்டை வீட்டாரிடம் விடுவாராயின், இருவருக்கும் ஆதாயம் உண்டு. தேசங்களும் அங்ஙனமே என்றார் ரிக்கார்டோ. போர்த்துகல் துணியும் திராட்சை மதுவும் இங்கிலாந்தைவிடக் குறைந்த உழைப்பில் செய்ய வல்லதாயினும், மதுவைச் செய்து துணியை வாங்குவதே அதற்கு லாபம் என்று கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கில் பிழையில்லை.

ஆனால் அக்கணக்கினுள் ஓர் எண்ணம் சொல்லாமல் அடங்கியிருக்கின்றது. துணி நெய்தவன் மறுநாளே தறியை விட்டுத் திராட்சைத் தோட்டத்தில் புகுவான் என்பதே அது. ஏட்டில் அஃது எளிது. நாற்பது ஆண்டு குழித்தறியில் கால்வைத்தவன் எந்தத் தோட்டத்துக்குப் போவான்? அவனுக்கு யார் பயிற்சி தருவார்? போய்ச் சேரும் வரையில் அவன் வீட்டு அடுப்பை யார் மூட்டுவார்? தேசத்துக்குக் கிடைக்கும் ஆதாயம் கோடிப் பேருக்குப் பங்காகி, ஆளுக்குச் சில ரூபாயாக மெல்லியதாய்ப் பரவுகின்றது. நஷ்டமோ சில ஊர்களில், சில தெருக்களில், சில வீடுகளின் தலையில் மொத்தமாக இறங்குகின்றது. நாம் இங்குச் சொல்ல வந்ததன் சாரம் இதுவே. இனிக் கூறப்போவன யாவும் இதற்குச் சான்றுகள்.

சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வண்ணத் துணிகளை ஐரோப்பியர் பதினேழாம் நூற்றாண்டில் பெரிதும் விரும்பி உடுத்தனர். அதனால் தங்கள் பிழைப்புக் கெட்டதென்று இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர் கிளர்ச்சி செய்தனர். சாயமிட்டும் அச்சிட்டும் வரும் கீழைநாட்டுத் துணிகளை அந்நாட்டில் உபயோகிக்கலாகாது என்னும் சட்டம் 1701 முதல் அமலுக்கு வந்தது. 1721ஆம் ஆண்டில் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் தடுத்து மற்றொரு சட்டம் செய்தனர். இந்தக் காப்பின் நிழலிலேயே அவர்களுடைய பருத்தித் தொழில் வேரூன்றியது. யந்திரங்கள் தோன்றி, இனி எவரும் தம்மை வெல்ல முடியாது என்ற நிலை வந்த பிறகே தடையிலா வாணிகமே தர்மம் என்று லங்காஷயர் ஆலை முதலாளிகள் போதிக்கலாயினர். 1882ஆம் ஆண்டில் இந்தியாவில் துணிமீதிருந்த இறக்குமதித் தீர்வையை நீக்குவித்தனர். சர்க்கார் செலவுக்காக அத்தீர்வையை மீண்டும் விதிக்க நேர்ந்தபோது, லங்காஷயருக்கு நஷ்டம் வாராதவாறு, 1896ஆம் ஆண்டில் இந்திய ஆலைத் துணியின்மீதும் அதே 3½ சதவீதம் உள்நாட்டு வரி போடுவித்தனர். 1925ஆம் ஆண்டின் இறுதியில்தான் அவ்வரி நிறுத்தப்பட்டது. வலியோன் மேட்டில் ஏறும்வரை வேலி வேண்டுமென்பான். ஏறிய பின் வேலி பாவம் என்பான். இதனை நாம் மறத்தலாகாது.

ஆயினும் அக்காலத்து நஷ்டம் யாருக்கு நேர்ந்தது என்று நுணுகிப் பார்த்தால், நாம் வழக்கமாகச் சொல்லும் கதை சிறிது மாறும். சீமை நூலும் பின்னர் ஆலை நூலும் மலிவாக வந்தமையால் முதலில் அடியோடு அழிந்தது கைந்நூற்பு. ராட்டையைச் சுற்றிக் கஞ்சி குடித்தவர் பெண்டிர். அவருள்ளும் வேறு ஆதரவற்ற கைம்பெண்கள் பலர். அவர்களுக்கு வேறு வேலை எதுவும் வந்து சேரவில்லை. தறியில் உட்கார்ந்த ஆடவனுக்கோ அதே மலிந்த நூல் துணையாயிற்று. ஆலைத் துணியால் பல சந்தைகளை அவன் இழந்தான் என்பது மெய்யே. எனினும் மலிந்த நூலைக்கொண்டு, ஆலை நெய்யவொண்ணாத கரையும் பேட்டும் உடைய சேலைகளை நெய்து அவன் நின்றுபிடித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கைத்தறித் துணியின் அளவு மொத்தத்தில் குன்றவில்லை, வளர்ந்தது என்று பொருளாதார வரலாற்றாசிரியர் காட்டியுள்ளனர். ஒரே கப்பலில் வந்த நூல், வாசலில் ராட்டை சுற்றிய தாயின் பிழைப்பைப் பறித்தது. உள்ளே தறியிலிருந்த மகனுக்குப் பிழைப்பைத் தந்தது. இதனை நம் முன்னோர் எழுதி வைக்கவில்லை. நஷ்டமடைந்தவர் பேசும் சபையில் அமராத பெண்களாயிருந்தமையே காரணமென்று நாம் கருதுகின்றோம்.

பிறரைக் கெடுத்த லங்காஷயர் என்னவாயிற்று? 1913ஆம் ஆண்டில் பிரிட்டன் ஏறக்குறைய 700 கோடி கெஜம் துணியை ஏற்றுமதி செய்தது. அதில் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கே வந்தது. பின்னர் இந்திய ஆலைகள் பெருகின. ஜப்பான் போட்டிக்கு வந்தது. இங்குச் சுதேசிக் கிளர்ச்சி ஓங்கியது. 1931ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் காந்தியடிகள் லங்காஷயருக்குச் சென்று, வேலையிழந்த ஆலைத் தொழிலாளரைக் கண்டார். அவர்கள் துன்பத்துக்கு இரங்கிய அவர், இந்தியக் கிராமங்களின் வறுமை அதனினும் கொடியது என்று எடுத்துரைத்தார். 1958ஆம் ஆண்டில், தான் விற்கும் பருத்தித் துணியைவிட வாங்கும் துணி மிகுந்த தேசமாயிற்று பிரிட்டன். மறு ஆண்டே தறிகளையும் கதிர்களையும் உடைத்தெறிவதற்கு அரசு பணம் கொடுக்கும் சட்டம் பிறந்தது. ஆலை முதலாளிகள் பலர் பணத்தை வேறு தொழிலில் போட்டுத் தப்பினர். தறியைத் தவிர வேறறியாத ஆண்களும் பெண்களும் அந்நகரங்களிலேயே தேங்கினர். மூலதனத்துக்குக் கால் உண்டு. தொழிலாளிக்கு வீடும் கடனும் வயதும் விலங்காகும்.

இனி நம் காலத்துக்கு வருவோம். அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 1991ஆம் ஆண்டில் இந்தியா தன் கதவுகளைத் திறந்தது. 1990இல் சராசரி 80 சதவீதத்துக்கு மேலிருந்த இறக்குமதித் தீர்வை 1996க்குள் 37 சதவீதமளவுக்கு இறங்கியது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஏழை நாடுகளின் ஆடைகளுக்கு அளவு கட்டியிருந்த பல்நார் ஒப்பந்தம் 1974இல் தொடங்கியது. அதன் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்து 2005ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் அடியோடு நீங்கின. அப்போது பெருகிய ஊர்களுள் ஒன்று திருப்பூர். நொய்யற் கரையில் உள்ளூருக்குப் பனியன் தைத்த அச்சிற்றூரிலிருந்து, 2024-25ஆம் ஆண்டில் 44,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பின்னலாடை வெளிநாடு சென்றது.

அதனால் நம் குடும்பங்களுக்கு விளைந்த நன்மையை மறைத்தல் நன்றியின்மையாகும். தார் சுற்றிய கூலியைக் கண்ணாலும் காணாத பெண் வாராவாரம் தன் பெயரில் சம்பளம் வாங்குகின்றாள். கூரை வீடு ஓட்டு வீடாயிற்று; ஓட்டு வீடு மாடி வீடாயிற்று. தறிக்குழியில் இறங்கவேண்டிய சிறுவர் கல்லூரியின் படியேறினர்.

நன்மையைச் சொன்ன நாவே தீமையையும் சொல்லுதல் வேண்டும். சாயக் கழிவு நொய்யலில் கலந்து ஆறு கெட்டது. பாசனத்துக்கென்று கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கீழ்க்கரை உழவர் நிலத்தையும் கிணற்றையும் இழந்தனர். அவர்கள் நீதிமன்றம் ஏறியதன் பயனாக, 2011ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அப்போது பட்டறைக் கூலிகள் வேலையிழந்தனர். ஒரு ஊரின் சம்பளம் மற்றோர் ஊரின் கிணற்று நீரைக் கொண்டு கொடுக்கப்பட்டது என்பதே அதன் பொருள். மேலும், திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, ஏழைப் பெண்களை நூற்பாலை விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் வைத்து வேலை வாங்கும் வழக்கம் சுமங்கலித் திட்டம் என்னும் மங்கலப் பெயரால் நடந்ததையும் நாம் அறிவோம். வாங்கும் சம்பளம் மட்டுமே வாழ்க்கைத் தரமாகாது. குடிக்கும் நீரும், உறங்கும் நேரமும், வேண்டாவிடில் விட்டு வெளியேறும் சுதந்திரமும் அதில் அடங்கும்.

அன்றியும், இப்பிழைப்பு எத்துணை மெல்லிய இழையில் தொங்குகின்றது என்பதை 2025ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது 50 சதவீதத் தீர்வை விதித்தது. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்நாட்டுக்கே செல்வது. தைத்த ஆடைகள் தேங்கின, ஆர்டர்கள் நின்றன, வேலை நாட்கள் குறைந்தன. தையற்காரியின் கையில் ஒரு குறையுமில்லை. தைத்த துணியிலும் பழுதில்லை. பல்லாயிரம் மைலுக்கப்பால் ஒருவர் இட்ட கையெழுத்தே காரணம். அதே ஆண்டு ஜூலை 24ஆம் நாள், ஒரு காலத்தில் நம் துணியைச் சட்டத்தால் தடுத்த பிரிட்டன், இந்திய ஆடைகளுக்குத் தீர்வை நீக்க இசைந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஒரு கதவு சாத்தப்படுகையில் மற்றொரு கதவு திறக்கின்றது. தீர்வை ஏறினும் இறங்கினும் அதனை முடிவு செய்யும் இடத்தில் நாம் இல்லை. அதன் விளைவைத் தாங்கும் இடத்தில் மட்டும் இருக்கின்றோம்.

கைத்தறியின் நிலையையும் சொல்லாமல் விடலாகாது. 1995ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியா முழுவதும் 65 லட்சத்துக்கு மேற்பட்டிருந்த கைத்தறித் தொழிலாளர் 2009-10இல் 43 லட்சமாயினர். 2019-20இல் 35 லட்சமாயினர். அவருள் நூற்றுக்கு எழுபதின் மேற்பட்டோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் வருமானம் மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவென்று அக்கடைசிக் கணக்குச் சொல்கின்றது. இதற்கு அந்நியரை மட்டும் பழித்தல் நியாயமன்று. நம் சேலையை முதலில் தோற்கடித்தது கடல் கடந்த தறியன்று. நம் மாவட்டத்து விசைத்தறியே. கைத்தறிக்கென 22 வகைத் துணிகளை ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. பின்னர் அப்பட்டியல் 11ஆகக் குறைந்தது. குறைந்த அப்பட்டியலும் பல இடங்களில் ஏட்டளவிலேயே நின்றது. துறைமுகத்தை நாளை அடைத்தாலும் விசைத்தறி நிற்காது.

அப்படியானால் தீங்கின் வேர் எது? இருவேறு தேசங்களின் ஆராய்ச்சிகள் ஒரே விடையைத் தருகின்றன. இந்தியாவில் 1991க்குப் பின் தீர்வைக் குறைப்பு எந்த ஜில்லாக்களின் தொழில்களை மிகுதியாகத் தாக்கியதோ, அங்குக் கிராம வறுமை குறைவது மற்ற ஜில்லாக்களைவிடத் தாமதப்பட்டது என்று பெட்டியா டோபலோவா என்னும் அம்மையார் 2010இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. வேலை போன இடத்திலிருந்து வேலையுள்ள இடத்துக்கு ஜனங்களால் பெயர முடியாமையே காரணம் என்று அவர் கண்டார். செல்வத்தில் மிக்க அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. 1990 முதல் 2007 வரை அங்குக் குறைந்த ஆலை வேலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக்குச் சீனச் சரக்கின் போட்டி காரணமென்று ஆட்டர், டார்ன், ஹான்சன் என்னும் மூவர் 2013இல் எழுதினர். அங்கும் வேலையிழந்த ஊரார் வேறிடம் பெயரவில்லை. இருந்த இடத்திலேயே தாழ்ந்தனர். வாணிகத்தால் வேலையிழப்போர்க்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தர அந்நாடு 1962இலேயே ஒரு திட்டம் வகுத்தது. அஃது என்றும் போதியதாக இருந்ததில்லை. 2022ஆம் ஆண்டு ஜூலையில் புதிய விண்ணப்பங்களை ஏற்பதும் நின்றுபோயிற்று.

ஆற்றில் வெள்ளம் வருவதை நாம் தடுக்கவியலாது. அக்கரைக்குப் பாலம் இருந்ததா என்பதே பிழைத்தவரையும் மூழ்கியவரையும் பிரித்தது. அப்பாலத்தைக் கட்டுவது அரசின் கடமை. எனினும் அரசு கட்டும்வரை சங்கங்கள் கைகட்டி நிற்கவேண்டுவதில்லை. டென்மார்க்கு என்னும் சிறு தேசத்தில் தொழிலாளர் சங்கங்களே வேலையில்லாக் கால நிதிகளை முதலில் நிறுவின. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அரசு அவற்றை ஏற்று மான்யம் அளித்தது. அந்நாடு இன்றும் உலக வாணிகத்துக்குத் தன் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றது; வேலையிழந்தவனைத் தெருவில் விடுவதுமில்லை. கதவைத் திறப்பதும் ஆளைத் தாங்குவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

இனி நமது சங்கம் செய்யத்தக்கனவாக நான்கு காரியங்களை இம்மகாநாட்டின் முன் வைக்கின்றோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. நம் குடும்பங்களில் எத்தனை தறி ஓடுகின்றன, எத்தனை நின்றன, எத்தனை பேர் ஏற்றுமதிக் கம்பெனிகளில் இருக்கின்றனர், அவருள் வருங்கால வைப்பு நிதியும் தொழிலாளர் காப்புறுதியும் உடையவர் எத்தனை பேர் என்பது இன்று நம்மில் ஒருவர்க்கும் தெரியாது. திருமணப் பதிவேட்டை ஒழுங்காக வைக்கும் நாம் தொழிற் பதிவேடு ஒன்றை வைக்கவியலாதா? அதில் பெண்களின் வேலையைத் தனியே எழுதுதல் வேண்டும். ராட்டைப் பெண்டிரை மறந்தது போல் தையற் பெண்டிரையும் மறத்தலாகாது.

இரண்டாவது, வேலையில்லாக் கால நிதி. சங்க மண்டபத்துக்கு மேல்மாடி எழுப்பும் தீர்மானம் இன்று மாலை வரவிருக்கின்றது. மண்டபம் நமக்குப் பெருமையே. ஆனால் கலியாணம் செய்யும் வீட்டில் வருமானம் நின்றபின் மேல்மாடி எதற்கு? மேல்மாடியை மூன்றாண்டு ஒத்திவைத்து, மண்டப வாடகையில் நான்கில் ஒரு பங்கை இந்நிதிக்கு ஒதுக்குதல் வேண்டும்; குடும்பந்தோறும் மாதச் சந்தாவும் சேர்த்தல் வேண்டும். வேலை நின்ற வீட்டுக்கு மூன்று மாத அரிசியும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் அதிலிருந்து தரலாம். அஃது இரவலுமன்று, தருமமுமன்று. தாம் கட்டிய சந்தாவின் உரிமை. நம் தறிகளிலும் பட்டறைகளிலும் உடன் உழைக்கும் பிற சமூகத்தாரும் சந்தா கட்டி அதில் சேர இடமளித்தல் வேண்டும். வேலையின்மை சாதி கேட்டு வருவதில்லை.

மூன்றாவது, பயிற்சி. நாற்பது வயதுக்கு மேற்பட்டோர்க்கு மாலைப் பள்ளி வேண்டும். யந்திரம் பழுது பார்த்தல், துணிப் பரிசோதனை, கணக்கு, கணினி இவற்றைக் கற்பிக்கலாம். படித்த இளைஞர் வாரம் இரண்டு மாலை தந்தாற் போதும்.

நான்காவது, கைத்தறியைப் பற்றியது. மலிவில் விசைத்தறியோடு போட்டியிடுவது வீண். கையினால் மட்டும் இயல்வதை, கையின் அடையாளத்தோடு, அதற்குரிய விலைக்கு விற்பதே வழி. காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமக்காளமும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. குறியீடு கிடைத்தால் மட்டும் போதாது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பவர் நம்மவராயினும் சங்கம் அவரைக் கண்டித்தல் வேண்டும். கோ-ஆப்டெக்ஸ் 1935 முதல் நடைபெறுகின்றது. அதனோடு இணைந்த கூட்டுறவுச் சங்கங்களில் நம் உறுப்பினர் வெறும் பெயராயிராமல், கணக்குக் கேட்பவராயிருத்தல் வேண்டும்.

அரசுக்கும் நாம் விண்ணப்பம் செய்வோம். துறைமுகத்தை அடையுங்கள் என்று கேட்கவேண்டா. அங்ஙனம் கேட்டால் திருப்பூரில் உழைக்கும் நம் பெண்களின் சம்பளத்தை நாமே அடைப்போம். வாணிக ஒப்பந்தம் ஒவ்வொன்றும் கையெழுத்தாகுமுன் அதனால் எந்தத் தொழில் தாழும், அத்தொழிலாளர்க்கு என்ன வகை செய்யப்பட்டது என்பதைப் பகிரங்கமாகச் சொல்லுமாறு கேட்போம். வேலையிழந்தோர்க்கு உதவித்தொகையும், ஆற்றைக் கெடாது காக்கும் செலவில் அரசின் பங்கும் கேட்போம். இவை பிச்சையல்ல. தேசம் பெற்ற ஆதாயத்தில், அதற்கு விலை கொடுத்தவர் கேட்கும் பாகமே.

அன்பர்காள்! பாவில் ஓர் இழை அறுந்தால் நாம் தறியை நிறுத்தி அதனை முடிந்த பிறகே நாடாவை ஓட்டுகின்றோம். ஆயிரம் இழை இருக்கின்றனவே என்று ஓட்டுபவன் நெசவாளன் அல்லன். அவன் துணி சந்தையில் நில்லாது. உலக வாணிகம் என்னும் பெருந்தறியை நிறுத்தும் வல்லமை நமக்கில்லை. அறுந்த இழையை முடிவதற்கு வேண்டிய விரல் நமக்கு உண்டு. மாலையில் தீர்மானம் வரும்போது அவ்விரலை உயர்த்துமாறு உங்கள் அனைவரையும் வேண்டிக்கொள்கின்றோம்.